கூட்டல் கழித்தல் ஒரு வீதம்

கோதண்டராமன் பிரிஸ்பேனுக்குப் புறப்பட்டது பெப்ரவரியில், நியூசிலாந்தின் வைட்டாங்கி விடுமுறைக்கு அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை. ஆக்லாந்தின் பென்ரோஸில், அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் கலிப்ரேஷன் ஆய்வகத்தின் சாப்பாட்டு அறையில் பன்னிரண்டு பேர் நின்றபடியே கேக் சாப்பிட்டோம். பதினொரு வருடங்களாக அங்கிருந்து வெளியே போன வானொலிச் சக்தி அளவுச் சான்றிதழ் ஒவ்வொன்றிலும் அவருடைய கையெழுத்துத்தான் இருந்தது. அந்த அளவுகளை எல்லாம் எடுத்தவர் ரதிதேவி. அவருடைய பெயர் எதிலும் இல்லை.

"இனிமே நீங்கதாம்மா எல்லாம்," என்றார் கோதண்டராமன், கேக் தட்டைக் குப்பையில் போட்டுக்கொண்டே. "வேணும்னா என் பேனாவ விட்டுட்டுப் போறேன்."

"பேனா என்னட்டையும் இருக்கு, அண்ணை," என்றார் ரதிதேவி. "கையெழுத்துப் போட உரிமைதான் இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மணிக்கு டாக்சி வந்தது. அவர் போனதும் ரதிதேவி கேக்கின் மிச்சத்தைப் பொதி செய்து வைத்துவிட்டு, கைகளைக் கழுவிக்கொண்டு, பாதியில் விட்டுவந்த வேலைக்குத் திரும்பினார்.

ரதிதேவி என் பெரியம்மாவின் மகள். நான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அந்த ஜனவரியில்தான் நான் ஆக்லாந்து திரும்பியிருந்தேன். பிளாட் புஷ்ஷில் அவர்கள் வீட்டு மாடியறையைத் தந்ததும் அவர்தான். ஆய்வகத்தின் வேனை ஓட்டும் தற்காலிக வேலையைப் பிடித்துத் தந்ததும் அவர்தான். ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாதவள் நான். அக்காவோ ஒரு மீட்டர் சூடேறுவதற்காக ஒரு முழு மணிநேரம் சும்மா காத்திருக்கச் சம்பளம் வாங்குகிறவர். இப்படியும் ஒருவர் இருக்க முடியுமா என்று பார்ப்பதற்காகவே, வேனில் வேலை இல்லாத நேரங்களில் அவருடைய அறையின் வாசலில் நின்றிருக்கிறேன். உள்ளே போக விடமாட்டார். ஆள் ஒருவர் கூடினால் அறையின் சூடு மாறுமாம்.

அவருக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. வவுனியாவிலிருந்து பத்தொன்பது வயதில் தாயோடு இங்கே வந்தார். முதலில் மீன் பொதி செய்யும் வேலை. பிறகு, படகுகளுக்கான வானொலிகள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலை. அங்கே அவர் இருந்தது கடைசி மேசையில். முடிந்த வானொலியைச் சோதனைக் கம்பியில் மாட்டிப் பொத்தானை அழுத்த வேண்டும். மீட்டர் இருபத்தைந்து வாட் காட்டினால் பெட்டிக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு ஒட்டு. மூன்றாவது வாரத்தில் அவர் மேற்பார்வையாளரிடம் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் ஐந்து வானொலிகள் எப்போதும் மற்றவற்றைவிட அரை வாட் வித்தியாசமாகக் காட்டுகின்றன என்று சொன்னார். வானொலிகளுக்குச் சாப்பாட்டு நேரம் தெரியுமா என்று மேற்பார்வையாளர் கேட்டாராம்.

வானொலிக்குத் தெரியாது, மீட்டருக்கு முன்னால் இருந்த தணிப்பானுக்குத் தெரியும். இருபத்தைந்து வாட்டை நேராக மீட்டருக்குள் விட்டால் மீட்டர் கருகிவிடும். அதனால் நடுவில் ஒரு தணிப்பான் இருக்கும். வருகிற சக்தியில் பெரும்பங்கை அது சூடாக்கித் தொலைத்துவிட்டு, ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டும் மீட்டருக்கு அனுப்பும். காலை முழுவதும் வேலை செய்து அது சூடாகிவிடும். அரைமணிநேரச் சாப்பாட்டில் ஆறிவிடும். ஆறிய தணிப்பானும் சூடான தணிப்பானும் ஒரே அளவில் தணிப்பதில்லை. இதைச் சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து வந்த ஆய்வகத்துக்காரர், சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, இதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். அடுத்த மாதம் அக்கா அந்த ஆய்வகத்தில் இருந்தார். டிப்ளோமாவை அதற்குப் பிறகுதான் முடித்தார், மகள் லோஜனா கைக்குழந்தையாக இருந்தபோது.

வானொலிச் சக்தியை அளப்பது என்றால் என்ன என்று ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்.

"அலையைப் பிடிச்சு ஒரு சின்ன மின்தடைக்குள்ள விடுறது. அது சுடும். எவ்வளவு சுட்டுது எண்டு பாக்கிறது. அவ்வளவுதான்," என்றார்.

"அவ்வளவுதானா? அதுக்கா இவ்வளவு ஆரவாரம்?"

"வாற அலை முழுக்க உள்ள போகாது, அபி. குடத்துக்குள்ள தண்ணி வாக்கேக்கை கொஞ்சம் தெறிக்குமே, அது மாதிரி கனெக்டர் வாயில கொஞ்சம் திரும்பி வரும். திரும்பினது போய் அங்கால முட்டித் திரும்பவும் வரும். சில நேரம் கூட்டிக் காட்டும், சில நேரம் குறைச்சுக் காட்டும். அதையும் கணக்கில எடுக்கோணும். கனெக்டரில ஊத்தை இருந்தா ஒரு அளவு, கூட இறுக்கினா ஒரு அளவு, கையால பிடிச்சுக்கொண்டு நிண்டா கைச்சூட்டுக்கு ஒரு அளவு. அதையெல்லாம் சேர்த்து, இந்த எண் நூற்றுக்கு இத்தினை வீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் எண்டு பக்கத்தில கூட்டல் கழித்தல் போடோணும்."

"எங்கட வீட்டில கறி உப்புக்கும் கூட்டல் கழித்தல் இருக்கு, அபி," என்றார் அவருடைய கணவர் யசீகரன். அவர் பஸ் ஓட்டுகிறார். "இண்டைக்குக் கூட்டல்."

"சாப்பிடுறதெண்டால் சாப்பிடுங்கோ," என்றார் அக்கா.

கோதண்டராமன் போனதும் ஆய்வகத்தின் மேலாளர் கிரேக் அக்காவைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். கையெழுத்திடும் உரிமை உள்ளவர் ஒருவர் இல்லாமல் அந்த வேலையை ஆய்வகம் செய்யக் கூடாது. பட்டம் இல்லாத அக்காவுக்கு அந்த உரிமையைத் தர, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் வழங்கும் மதிப்பீட்டாளர்கள் தயங்குவார்கள். ஆனால் ஒரு வழி இருந்தது. ஒப்பீட்டுச் சுற்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. சக்தியை அளக்கும் ஒரே சென்சர் நாடு நாடாக, ஆய்வகம் ஆய்வகமாகப் போகும். ஒவ்வொருவரும் மூன்று வாரம் வைத்து அளந்து, மற்றவர்கள் என்ன கண்டார்கள் என்று தெரியாமலே தங்கள் முடிவை அனுப்ப வேண்டும். எல்லோரும் அளந்து முடித்த பிறகுதான் யார் சரி, யார் பிழை என்று சொல்வார்கள். அந்தச் சென்சர் ஏப்ரலில் ஆக்லாந்துக்கு வரவிருந்தது.

"இது நன்றாக வந்தால் அந்தக் கையெழுத்து உன்னுடையது, ரதி," என்றார் கிரேக். "வராவிட்டால் வானொலிச் சக்தியை நம் வேலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவோம். தெர்மாமீட்டர் பக்கத்தில் உனக்கு எப்போதும் இடம் இருக்கிறது."

உணவகங்களின் குளிர்ப்பெட்டிகளுக்கான தெர்மாமீட்டர்களைத்தான் சொன்னார். அக்கா சரி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

விருந்தாளியாக வந்த அந்தச் சென்சரை விமான நிலையத்தின் சரக்குப் பகுதியிலிருந்து எடுத்து வந்தது நான். கருப்புப் பெட்டி, உள்ளே பஞ்சு மெத்தை, நடுவில் என் பெருவிரல் பருமனில் ஓர் உலோக உருளை. அக்கா பக்கத்து இருக்கையில் இருந்தார்.

"வேகத்தடையில மெல்லப் போ."

"அதென்ன குழந்தையே, அக்கா?"

"குழந்தை விழுந்தா அழும். இது அழாது. பிழையா மட்டும் காட்டும்."

முதல் இரண்டு நாளும் அவர் எதையும் அளக்கவில்லை. சென்சர் அறையின் சூட்டுக்குப் பழகட்டும் என்று விட்டுவைத்தார். மூன்றாம் நாள் அதன் வாயை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, உருப்பெருக்கியில் பார்த்து, நடு ஊசி எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்தார். பிறகு வேலை தொடங்கியது. ஒரு மூலத்திலிருந்து வரும் அலையை இரண்டாகப் பிரிப்பார். ஒரு கிளையில் காவலுக்கு ஒரு சென்சர் எப்போதும் இருக்கும். மறு கிளையில் முதலில் ஆய்வகத்தின் நம்பிக்கையான சென்சர், அதை எடுத்துவிட்டு அதே இடத்தில் விருந்தாளி. மூலம் ஏறினாலும் இறங்கினாலும் காவல்காரன் சொல்லிவிடுவான். ஒரு தடவை மாட்டி அளந்ததும் கழற்றுவார்; அறுபது பாகை திருப்பி மறுபடி மாட்டுவார். அப்படி ஆறு தடவை. ஒவ்வொரு தடவையும் மேலே இருக்கும் மரை வளையத்தை மட்டும்தான் திருப்புவார். சென்சரின் உடம்பு அசையாது. சரியான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லும் ஸ்பானரால் முடிப்பார். நான்கு அலைவரிசைகள், ஆறு திசைகள். மறுநாள் எல்லாவற்றையும் மீண்டும்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. கணினித் திரையில் கடைசி நிரல் வரும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைத்திருப்பார். விடை அந்த நிரலில்தான் வரும். எல்லா நாள் அளவுகளும் முடியும்வரை தாளை எடுக்கமாட்டார்.

"ஏன்?" என்று வாசலில் நின்று கேட்டேன்.

"விடை தெரிஞ்சா கை கள்ளம் செய்யும். பிடிச்ச எண் வந்தால் நிப்பாட்டிப் போடும். பிடிக்காட்டி இன்னொருக்கா மாட்டும்."

ஒன்பதாம் நாள் தாளை எடுத்தார். ஒரு சென்சருக்குள் ஆயிரம் பங்கு சக்தி வந்தால் அதில் எத்தனை பங்கை அது காட்டுகிறது என்பதுதான் விடை. முதல் மூன்று அலைவரிசைகளும் எதிர்பார்த்தபடியே இருந்தன. கடைசியில், பதினைந்து கிகாஹெர்ட்ஸில், 0.943, அதாவது ஆயிரத்தில் 943 பங்கு. கூட்டல் கழித்தல் ஒரு வீதம்.

அன்று மத்தியானமே கிரேக் ஒரு அச்சுப் பிரதியோடு வந்தார். நான்கு வருடங்களுக்கு முன் இதே சென்சர் இன்னொரு சுற்றில் போயிருந்தது. அதன் அறிக்கை எல்லோரும் பார்க்கக் கூடியதாக இணையத்தில் இருந்தது. அதில் பதினைந்து கிகாஹெர்ட்ஸுக்கு 0.962 என்று இருந்தது. ஏழு ஆய்வகங்கள் சேர்ந்து கண்ட எண். அக்கா அந்த அறிக்கையை அதுவரை திறந்தே பார்த்திருக்கவில்லை.

"இரண்டு வீதம் தள்ளி நிற்கிறாய், ரதி," என்றார் கிரேக். "நீ சொல்லும் கூட்டல் கழித்தல் ஒரு வீதம். இப்படியே அனுப்பினால் தோற்றுவிடுவாய்."

"மிச்சம் பன்னிரண்டு நாள் இருக்கு," என்றார் அக்கா.

அடுத்த ஐந்து நாளும் அவர் தன்னிடம்தான் பிழை என்று வைத்துக்கொண்டு அதைத் தேடினார். நம்பிக்கையான சென்சருக்குப் பதில் பெட்டகத்திலிருந்த இரண்டாவது சென்சரைப் போட்டார். பிரிப்பானை மாற்றினார். எல்லாக் கனெக்டர்களையும் மறுபடி துடைத்தார். வேறொரு மூலத்தைக் கடன் வாங்கினார். ஒவ்வொரு தடவையும் அந்த வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டுத்தான் தொடங்கினார். 0.943. 0.944. 0.943.

வீட்டில் யாரும் உப்பைப் பற்றிப் பேசவில்லை. பதினான்காம் நாள் மாலை அவர் சமையலறையிலிருந்து கோதண்டராமனை அழைத்தார். கைபேசியை மேசையில் வைத்துவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். அதனால் நாங்களும் கேட்டோம்.

"ஆமா, பார்த்தேன், அனுப்பிருந்தீங்களே," என்றது பிரிஸ்பேன். "உங்க வேலைல ஒரு குத்தமும் இல்லம்மா. ஆனா ஏழு லேப் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். எதுக்கு ரிஸ்க்?"

"அப்ப என்ன செய்யச் சொல்லுறியள்?"

"நம்பரத் தொடவே வேணாம். 943ன்னே போடுங்க. அந்தக் கூட்டல் கழித்தல் இருக்கு பாருங்க, அத மட்டும் ரெண்டு பர்சென்ட்னு போட்டுடுங்க. ரெண்டு பேரும் ஒரே வளையத்துக்குள்ள வந்துடுவீங்க. பாஸ். யாரும் ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க. அடக்கமா சொல்லியிருக்காங்கன்னு பாராட்டக்கூடச் செய்வாங்க."

நான் யசீகரன் அத்தானைப் பார்த்தேன். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. யாரையும் ஏமாற்றுவதாகக்கூடத் தெரியவில்லை. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை என்று ஒருவர் தாழ்மையாகச் சொன்னால் அதில் என்ன குற்றம்?

அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணை, எனக்கு ஒரு வீதத்துக்குள்ள தெரியும். பதினொரு வருசமா அந்த ஒரு வீதத்துக்குத்தானே நீங்கள் கையெழுத்துப் போட்டனீங்கள். அப்ப தெரிஞ்சது இப்ப எப்பிடித் தெரியாமப் போகும்?"

"அது இல்லம்மா..."

"தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லுறது பிழை எண்டால், தெரிஞ்சதைத் தெரியாது எண்டு சொல்லுறதும் பிழைதான். ரெண்டு வீதம் எண்டு எழுதிப் பாஸ் பண்ணினா, பிறகு நான் போடுற கையெழுத்து எதுக்கு? நானே நம்பாத கையெழுத்தை ஆர் நம்பப்போகினம்?"

மறுமுனையில் கோதண்டராமன் சிரித்தார். "சரி, அப்போ சென்சர் மாறியிருக்குன்னு சொல்றீங்களா? ஏன் மாறிச்சு?"

"ஏன் எண்டு எனக்குத் தெரியாது. எவ்வளவு எண்டு தெரியும்."

அழைப்பு முடிந்ததும் அவர் எனக்கும் ஒரு விளக்கம் தந்தார், நான் கேட்காமலே. ஐம்பது மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீற்றர். பதினைந்து கிகாஹெர்ட்ஸ் அலை வெறும் இரண்டு சென்ரிமீற்றர். ஒரு கனெக்டருக்குள் ஏதாவது ஒரு மயிரளவு நகர்ந்தால் ஆறு மீற்றர் அலைக்கு அது தெரியவே தெரியாது. இரண்டு சென்ரிமீற்றர் அலைக்கு அது ஒரு பெரிய கல். கடைசி அலைவரிசையில் மட்டும் எண் மாறியிருப்பது அப்படி ஒன்றாக இருக்கலாம். "இருக்கலாம்தான்," என்றார். "அதை நான் எழுதப்போறேல்லை. அளந்ததை மட்டும் எழுதுவன்."

மறுநாள் கிரேக்கின் மேசையில் தாளை வைத்தார். 0.943, கூட்டல் கழித்தல் ஒரு வீதம். உரிமை உள்ளவர் வேறு யாரும் இல்லாததால் மேலாளர் என்ற முறையில் அவர்தான் அதில் கையெழுத்திட வேண்டும். கிரேக் தாளை எடுத்துப் படித்தார். இதனால் யாருக்கு இழப்பு என்று தெரியும்தானே என்று கேட்டார். எனக்குத்தான் என்று அக்கா சொன்னார். கிரேக் கையெழுத்திட்டார்.

விருந்தாளியை மெல்பேர்னில் இருக்கும் அடுத்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோனது நான்தான். தபால் கொம்பனிகள் தூக்கி எறியும் என்பதால் கையில் கொண்டுபோகச் சொன்னார்கள். மூன்று மாதம் ஒரே ஊரில் இருந்த எனக்கு அந்த ஒருநாள் பயணம் தாகத்துக்குத் தண்ணீர் மாதிரி இருந்தது. பாதுகாப்புச் சோதனையில் ஒரு பெரிய மனிதர் உருளையின் மூடியைக் கழற்றப் பார்த்தார். அதைக் கழற்றினால் ஐந்து நாடுகளின் வேலை வீணாகிவிடும் என்று சொன்னேன். இது என்ன செய்யும் என்று கேட்டார். சூடாகும் என்றேன். அந்தப் பதில் நிலைமையை மேலும் மோசமாக்கிவிட்டது. கடைசியில் அக்கா கொடுத்திருந்த கடிதம்தான் என்னைக் காப்பாற்றியது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மே போனது, ஜூன் போனது. சுற்று இன்னும் மூன்று நாடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. வானொலிச் சக்தி வேலைகளை வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அந்த அறையின் குளிரூட்டியைக் கிரேக் நிறுத்தச் சொன்னார். நிறுத்த வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். அவர் இப்போது நாள் முழுவதும் தெர்மாமீட்டர்களைப் பனிக்கட்டித் தண்ணீரில் தோய்த்துக்கொண்டிருந்தார். அந்த வேலையையும் மற்ற வேலையைப் போலவேதான் செய்தார். திரையில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. சுண்டல் கடைத் தெர்மாமீட்டருக்கும் ஆறு அளவு.

ஜூலையில் ஒருநாள் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும்போது கேட்டேன். "அக்கா, உண்மையாச் சொல்லு. பயம் இல்லையே?"

"இல்லாமல் என்ன? மோர்ட்கேஜ் இருக்கு. லோஜனா அடுத்த வருசம் யூனிவர்சிற்றி."

"அப்ப ரெண்டு வீதம் எண்டு போட்டிருக்கலாமே."

"பயம் என்ரை. எண் சென்சரின்ரை. ரெண்டையும் ஏன் கலக்கிறாய்? லேன் மாத்து, அங்கால ஓடுது."

பின் இருக்கையில் இருந்த லோஜனா காதிலிருந்த இயர்போனைக் கழற்றி, "மம் இஸ் ரைட், யு நோ," என்றாள்.

"உனக்கு என்ன விளங்கினது?" என்றார் அக்கா.

"நதிங். பட் யு ஆர் ஆல்வேஸ் லைக் திஸ்."

செப்டெம்பரில் நான் தென் தீவுக்குப் போய்விட்டேன், பழத்தோட்ட வேலைக்கு. ஒக்டோபரில் திரும்பி வந்தேன். அதற்குள் ஆய்வகம் அந்த அறையை வேறு வேலைக்கு ஒதுக்கத் திட்டம் போட்டிருந்தது. டிசம்பர் வரை பொறுப்போம் என்று கிரேக் சொல்லியிருந்தார். இதைச் சொன்னபோது அக்காவின் குரலில் எந்த மாற்றமும் இல்லை. அறையின் சூட்டை ஒவ்வொரு காலையும் குறித்துக்கொண்டுதான் இருந்தார்.

நவம்பர் மாதத்தில் ஒரு புதன்கிழமை, பிளாக்ஹவுஸ் பே பகுதியில் ஒரு பேக்கரிக்கு நான்கு தெர்மாமீட்டர்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தோம். நான் கொடுத்துவிட்டு, கொத்திறைச்சி அடைத்துச் சுட்ட இரண்டு மின்ஸ் பையோடு வேனுக்கு வந்தேன். அக்கா கைபேசியைப் பார்த்தபடி இருந்தார். ஒன்றை நீட்டினேன், வாங்கவில்லை. கைபேசியை என்னிடம் தந்துவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். காது நுனி சிவந்திருந்தது. சுற்றை நடத்திய ஆய்வகம் கிரேக்குக்கு எழுதியிருந்தது. அவர் அதை ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அக்காவுக்கு அனுப்பியிருந்தார். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் கடிதம் இதுதான்:

"சென்சர் எங்களிடம் திரும்பி வந்ததும் மீண்டும் அளந்தோம். பதினைந்து கிகாஹெர்ட்ஸில் எங்களுக்கு 0.945 கிடைத்தது. முதலில் எங்களையே நம்பாமல் மூன்று தடவை அளந்தோம். பிறகு உங்கள் கோப்பைத் திறந்தோம். சென்சர் உங்களிடம் வருவதற்கு முன்பே மாறிவிட்டிருக்கிறது. அதை இவ்வளவு குறுகிய எல்லைக்குள் சொன்னது நீங்கள் ஒருவர்தான். நான்கு அலைவரிசைகளிலும் உங்கள் முடிவுகள் திருப்தியானவை என்று இதன்மூலம் உறுதிப்படுத்துகிறோம். இறுதி அறிக்கைக்கு ஒரு விவரம் தேவை. உங்கள் தாளில் மேலாளரின் கையெழுத்து மட்டுமே இருக்கிறது. அளந்தவர் யார்?"